முதுநிலைச் சட்ட ஆய்வேடு: அரசமைப்பு, மனித உரிமை, சுற்றுச்சூழல் சட்டத்தில் புதிதாக ஆய்வு தொடங்குபவர்களுக்கு

எல்.எல்.எம். மாணவர்கள் ஆய்வேட்டுக்கு முதலில் எழுதிக் கொடுக்கும் தலைப்புகள் பெரும்பாலும் பாடப்புத்தகத்தின் பெயரைப் போல இருக்கும். ‘இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் மனித உரிமைகளும்’, ‘உறுப்பு 21: ஒரு விமர்சனப் பார்வை’ என்ற வகையில். இப்படியொரு தலைப்பில் நூறு பக்கம் நிரப்புவது எளிது, சொந்தமாக ஒரு பத்தி எழுதுவதுதான் கடினம். சுபாஷ் குமார் வழக்கில் மாசற்ற நீரும் காற்றும் உறுப்பு 21 தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள், வேலூர் வழக்கில், தீங்கு உறுதியாகும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையை ஏற்றார்கள், கமல்நாத் வழக்கில், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காக்கும் அறங்காவலர் என்னும் பொது நம்பிக்கைக் கோட்பாடு வந்தது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். தேர்வாளருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். அவர் தேடுவது வேறு: அந்தத் தீர்ப்புகளில் என்ன உத்தரவு போட்டார்கள், அது நடந்ததா, அந்தச் சட்டம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற ஆய்வேடு சிறியதாக இருந்தாலும் நிற்கும்.

தலைப்பைச் சுருக்குதல்

தலைப்பை நான்கு கேள்விகளில் போட்டுப் பாருங்கள். எந்தச் சட்டப் பிரிவு அல்லது அறிவிக்கை? எந்த மன்றம்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? யாருடைய உரிமைக்கும் யாருடைய கடமைக்கும் இடையிலான தகராறு? நான்கில் ஒன்றுக்குக்கூட ‘எல்லாம்’ என்ற பதில் வரக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே கட்டுரை முழுவதும் போவோம். 14 செப்டம்பர் 2006 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு வேலை தொடங்கும் முன்பே அனுமதி பெற வேண்டும் என்கிறது. முன் அனுமதி வாங்காமலே கட்டி முடித்தவர்களுக்கு, பிறகு அனுமதி கொடுக்கலாமா? 14 மார்ச் 2017 அறிவிக்கை அதற்கு ஒரு வழி திறந்தது. 7 ஜூலை 2021 அலுவலகக் குறிப்பாணை அதற்கான நடைமுறையை வகுத்தது. ‘இந்தியாவில் சுற்றுச்சூழல் அனுமதி’ என்பது தலைப்பே ஆகாது. ‘2017 முதல் 2025 வரை உச்ச நீதிமன்றம் பின் அனுமதியை எந்த அளவுகோலால் அளந்தது, அந்த அளவுகோல் உறுப்பு 14, 21 இரண்டுக்கும் பொருந்துகிறதா’ என்றால் தலைப்பாகிவிடும் (உறுப்பு 14 சமத்துவ உரிமை). படிக்க வேண்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை விரல்விட்டு எண்ணலாம். ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படிக்க நேரம் கிடைக்கும்.

தலைப்பு தேர்ந்ததும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடுங்கள். அதே தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வேடு இருந்தால் பயப்பட வேண்டாம். அது எந்த ஆண்டோடு நிற்கிறது என்று பாருங்கள். 2016-இல் முடிந்த ஆய்வுக்கு 2017 அறிவிக்கை தெரியாது. உங்கள் இடம் அங்கேதான்.

கேள்வியும் முறையியலும்

ஆய்வுக் கேள்வி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ இரண்டில் எதுவும் வரக்கூடியதாக இருக்க வேண்டும். ‘சுற்றுச்சூழல் உரிமை முக்கியமானதா?’ என்பதற்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை, ஆகவே அது கேள்வியே இல்லை. ‘பின் அனுமதியை விதிவிலக்காக மட்டும் அனுமதித்த தீர்ப்புகள், விதிவிலக்குக்கு ஓர் எல்லை வகுத்தனவா?’ என்று கேட்டால் பதில் எந்தப் பக்கமும் போகலாம். இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும். ஆறு கேள்விகள் போட்டவர்கள் கடைசி இரண்டுக்கு முடிவுரையில் தலா ஒரு பத்தி எழுதிச் சமாளிப்பார்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

சினாப்சிஸ் எனப்படும் ஆய்வு முன்வரைவில் ‘டாக்ட்ரினல் முறை’ (சட்டம், தீர்ப்புகளின் வாசகத்தைப் படித்து ஆய்வது) என்று ஒரே வரி எழுதிவிட்டு நகராதீர்கள். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்தக் காலத்துத் தீர்ப்புகளைத் தேடினீர்கள், எவற்றை ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள். அதுதான் முறையியல். இன்னொருவர் அதே வழியில் தேடினால் அதே தீர்ப்புகள் கிடைக்க வேண்டும்.

மூலங்களைப் படிக்கும் வரிசை

கட்டுரைகளிலிருந்து தொடங்குபவர்கள் பிறருடைய பார்வையோடு தீர்ப்பைப் படிக்க நேர்கிறது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் அரசமைப்பின் வாசகம், பிறகு சட்டம், அதன் விதிகளும் அறிவிக்கைகளும், அடுத்துத் தீர்ப்புகள், கடைசியாகக் கட்டுரைகள்.

அரசமைப்பில் சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் கடமையாகவும் குடிமக்களின் கடமையாகவும் சொல்லும் உறுப்பு 48ஏ, 51ஏ(ஜி) இரண்டும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் வந்தவை. 1950-இல் அவை இல்லை. ‘அரசமைப்பை வகுத்தவர்கள் சுற்றுச்சூழலைப் பாதுகாக்க உறுப்பு 48ஏ-வை வைத்தார்கள்’ என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அரசமைப்பு அவை விவாதங்களைப் பார்க்கும்போது இன்னொரு தடுமாற்றம் வரும்: வரைவில் இருந்த எண்கள் வேறு. இன்றைய உறுப்பு 21, வரைவில் 15. ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற சொற்றொடர் குறித்த விவாதத்தை 1948 டிசம்பர் 6, 13 தேதிகளின் நடவடிக்கைகளில் பார்க்கலாம். இன்றைய எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுக வழிதரும் உறுப்பு 32-க்கு வரைவு எண் 25.

சட்டங்களுக்கு இந்தியா கோட் தளம், அறிவிக்கைகளுக்கு இ-கெஜட் எனப்படும் மின்னரசிதழ், திட்ட அனுமதி ஆவணங்களுக்கு பரிவேஷ் தளம். மூன்றும் இலவசம். தளத்தில் இருக்கும் சட்ட வாசகத்தைக் கடைசித் திருத்தத்தோடு ஒப்பிட்ட பிறகே மேற்கோள் காட்டுங்கள். இந்தத் துறையில் அண்மைக்கால மாற்றங்கள் பழைய புத்தகத்தை நம்பியவர்களைக் கவிழ்க்கும் வகையைச் சேர்ந்தவை. 1986 சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் பிரிவு 15-இல் இருந்த சிறைத் தண்டனையை 2023-இன் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டு அபராதத் தொகையாக்கியது. 1 ஏப்ரல் 2024 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஐந்தாண்டுச் சிறை என்று இன்னும் எழுதினால் ஆய்வேடு பழையது என்று முதல் புரட்டிலேயே தெரிந்துவிடும்.

1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரே 2023 திருத்தத்தில் மாறிவிட்டது. பொதுத் தொல்லையை நீக்க நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 133, 1 ஜூலை 2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152. அந்தப் பிரிவின் கீழ் வந்த ரத்லம் நகராட்சி வழக்கை (1980) எழுதும்போது பழைய எண்ணைப் போட்டு, இன்றைய எண்ணை அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 இன்னும் நுட்பமானது. அது உறுப்பு 252-இன் கீழ், மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதனால் 2024 திருத்தம் எல்லா மாநிலத்துக்கும் தானாகப் பொருந்தாது. மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். உங்கள் மாநிலம் ஏற்றதா, எந்தத் தேதியில் என்று பார்க்காமல் அபராதத் தொகையை எழுதாதீர்கள்.

தீர்ப்பைத் தேடுதல்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு டிஜிட்டல் எஸ்.சி.ஆர். தளம் இலவசம், அதிகாரபூர்வமானதும் அதுவே. உயர் நீதிமன்றங்களுக்கு இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தளம் உண்டு. இந்தியன் கானூன் தளம் தேடுவதற்கு வசதி. ஆனால் அதில் படித்ததை அதிகாரபூர்வப் பிரதியோடு ஒத்துப்பார்த்துத்தான் பத்தி எண் கொடுக்க வேண்டும். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா இரண்டும் கட்டணத் தளங்கள், கல்லூரி நூலகத்தில் உள்நுழைவு இருக்கும். அவற்றின் பெரிய பயன், ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் பின்பற்றின, வேறுபடுத்தின, ரத்துசெய்தன என்ற பட்டியல். பணம் அதற்குத்தான் என்று சொன்னாலும் தகும்.

தேடும்போது ஒரே சொல்லை நம்பாதீர்கள். பின் அனுமதிக்கு நீதிமன்றங்கள் ஐந்தாறு சொற்றொடர்களைப் பயன்படுத்துகின்றன. ஒரு முக்கியத் தீர்ப்பை எடுத்து, அது மேற்கோள் காட்டும் வழக்குகளைப் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டும் வழக்குகளை முன்னோக்கியும் துரத்துங்கள். இரண்டு பக்கமும் புதிய பெயர் வராமல் நிற்கும்போது தேடல் ஏறத்தாழ முடிந்தது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைத் தொடுபவர்கள் அதன் எல்லையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதை அமைத்த 2010 சட்டத்தின் முதல் அட்டவணையில் அது விசாரிக்கக்கூடிய ஏழு சட்டங்கள் உள்ளன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதில் இல்லை. பிரிவு 14-இன் கீழ் விண்ணப்பிக்க ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். பிரிவு 15 இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. பிரிவு 16 மேல்முறையீட்டுக்கு 30 நாள், மேலும் 60 வரை நீட்டிக்கலாம். காலதாமதத்தால் தள்ளுபடியான மனுவை ‘தீர்ப்பாயம் உரிமையை மறுத்தது’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும். சட்டவிதி செல்லுமா என்று தீர்ப்பாயம் முடிவுசெய்ய முடியாது என்பதையும் தீர்ப்பாயத்தின் எல்லை எதுவென்பதையும் உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் வழக்கில் 18 பிப்ரவரி 2019 அன்று விளக்கியது. அதைப் படிக்காமல் தீர்ப்பாயம் பற்றி அத்தியாயம் எழுத வேண்டாம்.

தீர்ப்பைப் படித்தல்

ஆய்வேட்டின் தரம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அதில் இவை இருக்கட்டும்: தீர்ப்பு வந்த நாள், வெளியான தொகுப்பின் குறிப்பு, அமர்வில் எத்தனை நீதிபதிகள், யார் எழுதினார், பெரும்பான்மையா ஒருமனமா, மனுதாரர் கேட்டது என்ன, நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டியிருந்த கேள்வி, முடிவுக்குக் காரணமான பத்தியின் எண், கடைசியில் போட்ட உத்தரவு, அதன் பிறகு என்ன ஆயிற்று. கடைசி இரண்டும்தான் பெரும்பாலான குறிப்புகளில் காலியாக இருக்கும்.

தீர்ப்பு நாளும் தொகுப்பு ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கமல்நாத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது, எஸ்.சி.சி. தீர்ப்புத் தொகுப்பில் (1997) 1 எஸ்.சி.சி. 388 என்று வெளியானது. ஓலியம் வாயுக் கசிவு வழக்கும் அப்படியே: 1986 டிசம்பர் தீர்ப்பு, (1987) 1 எஸ்.சி.சி. 395. கால வரிசையில் வாதிடும் ஆய்வேட்டில் இந்தப் பிழை வாதத்தையே திருப்பிப் போட்டுவிடும்.

அமர்வின் எண்ணிக்கை ஏன் முக்கியம்? உறுப்பு 141-இன்படி உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். உச்ச நீதிமன்றத்துக்குள்ளோ, சிறிய அமர்வு பெரிய அமர்வைப் பின்பற்ற வேண்டும். சம எண்ணிக்கை அமர்வோடு உடன்பாடில்லாவிட்டால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும். அரசமைப்பின் பொருள் குறித்த முக்கியச் சட்டக் கேள்வியென்றால் உறுப்பு 145(3) ஐந்து நீதிபதிகளாவது வேண்டும் என்கிறது. கேசவானந்த பாரதி வழக்கில் 24 ஏப்ரல் 1973 அன்று 13 பேர் அமர்வு 7-க்கு 6 என்று பிரிந்தது. இந்தப் பிளவைச் சொல்லாமல் ‘உச்ச நீதிமன்றம் கூறியது’ என்பது பாதி உண்மை. நெருக்கடி நிலையில் தனிமனிதச் சுதந்திரத்துக்காக நீதிமன்றத்தை அணுக முடியாது என்ற ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு (1976), தனியுரிமை பற்றிய ஒன்பது நீதிபதிகளின் புட்டசாமி தீர்ப்பில் (2017) வெளிப்படையாக ரத்தாகும் வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டில் அதைச் சுற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது தேதியைக் கவனியுங்கள்.

வகுப்பில் ரேஷியோ (முடிவுக்குக் காரணமான சட்டக் கருத்து), ஒபிட்டர் (போகிற போக்கில் சொன்ன துணைக் கருத்து) என்று படித்ததை இங்கே பயன்படுத்தியே ஆக வேண்டும். இதற்கு நல்ல பயிற்சி எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கு, 2024 ஐ.என்.எஸ்.சி. 280 (உச்ச நீதிமன்றமே தீர்ப்புக்குத் தரும் எண்). 21 மார்ச் 2024 தீர்ப்பு. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை உறுப்பு 14, 21-இல் இருக்கிறது என்று அதில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆய்வேடுகள் இதை வெற்றியாக மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வழக்கு எதைப் பற்றியது? கானமயில் மின்கம்பிகளில் மோதிச் சாவதைத் தடுக்க, 2021 ஏப்ரலில் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் தலைக்கு மேலே செல்லும் மின்கம்பிகளுக்கு நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்திருந்தது. 2024 தீர்ப்பு, சூரிய மின்சாரத்தின் தேவையையும் கணக்கில் எடுத்து அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது. புதிய உரிமை அறிவிக்கப்பட்ட அதே தீர்ப்பில் ஒரு பறவைக்கான பாதுகாப்பு தளர்ந்தது. உரிமை பற்றிய பத்திகள் உத்தரவுக்குக் காரணமா, துணைக் கருத்தா? இதை விவாதித்தாலே பத்துப் பக்கம் சொந்தமாக எழுதலாம்.

தீர்ப்புக்குப் பிறகு

மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்கு வருவோம். காமன் காஸ் (2 ஆகஸ்ட் 2017), அலெம்பிக் (1 ஏப்ரல் 2020) இரண்டிலும் பின் அனுமதி என்ற கருத்தையே நீதிமன்றம் ஏற்கவில்லை. எலெக்ட்ரோஸ்டீல் (2021 டிசம்பர்), பாஹ்வா பிளாஸ்டிக்ஸ் (2022 மார்ச்) வழக்குகளில் விதிவிலக்கான சூழலில் கொடுக்கலாம் என்றது. வனசக்தி வழக்கில் 16 மே 2025 அன்று இரண்டு நீதிபதிகள் 2017 அறிவிக்கை, 2021 குறிப்பாணை இரண்டையும் ரத்துசெய்தார்கள். அந்த மாதமே ஆய்வேட்டை முடித்தவர் ‘பின் அனுமதி இந்தியாவில் முடிந்த கதை’ என்று எழுதியிருப்பார். 18 நவம்பர் 2025 அன்று சீராய்வில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. சம எண்ணிக்கை அமர்வுகளின் முந்தைய தீர்ப்புகள் கவனத்துக்கு வராமல் போனது பெரும்பான்மை சொன்ன காரணங்களில் ஒன்று. மே மாதத் தீர்ப்பை வழங்கிய இருவரில் ஒருவரே நவம்பரில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். விஷயம் மறு விசாரணைக்குப் போனது.

ஆகவே ஒவ்வொரு முக்கியத் தீர்ப்பையும் மூன்று முறை சரிபாருங்கள்: குறிப்பு எழுதும்போது, அத்தியாயம் முடிக்கும்போது, ஒப்படைப்பதற்கு முந்தைய வாரம். சீராய்வு மனு, சீராய்வும் தள்ளுபடியான பின் போடும் குறைதீர் மனு, பெரிய அமர்வுக்கு அனுப்பிய உத்தரவு, சட்டத் திருத்தம் இந்த நான்கும் பாருங்கள். உச்ச நீதிமன்றத் தளத்தில் வழக்கு நிலையை வழக்கு எண்ணால் தேடினால் சீராய்வு மனு நிலுவையில் இருப்பது தெரியும். முன்னுரையில் ‘இந்த ஆய்வு இன்ன தேதி வரையிலான சட்டத்தைக் கணக்கில் எடுக்கிறது’ என்று ஒரு வரி கட்டாயம்.

ரத்தாகாத தீர்ப்புக்கும் பின்கதை உண்டு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு (28 ஆகஸ்ட் 1996) எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்துபவரே செலவை ஏற்கும் கொள்கை இரண்டும் நாட்டின் சட்டம் என்றது அதன் ஒரு பகுதி. இன்னொரு பகுதி உத்தரவுகள்: தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் ₹10,000 அபராதம், இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கக் கோரிக்கை. ஆணையம் 2001-இல் இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானித்தது. பாலாற்று மாசும் இழப்பீடும் தொடர்பாக உச்ச நீதிமன்றம் மறுபடியும் விரிவான உத்தரவுகள் போட வேண்டியிருந்தது 30 ஜனவரி 2025-இல். முதல் தீர்ப்புக்கும் அதற்கும் இடையில் 28 ஆண்டுக்கு மேல். கோட்பாட்டை மட்டும் எழுதுபவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படாது. தமிழ்நாட்டு மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்களமும் பக்கத்தில் கிடைக்காது.

பன்னாட்டுச் சட்டம்

மனித உரிமை ஆய்வேடுகளில் இரண்டாம் அத்தியாயம் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் தொடங்கி ஐ.நா.வின் எல்லா ஆவணங்களையும் வரிசையாக அடுக்கும். பெரும்பாலும் வெட்டி எறியலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் கேட்க வேண்டியவை: இந்தியா சேர்ந்ததா, எந்த நாளில், என்ன விலக்கு அறிவிப்போடு, தனிநபர் முறையீட்டுக்கு வழி உண்டா, இந்திய நீதிமன்றம் அதை எப்போதாவது பயன்படுத்தியதா.

குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 10 ஏப்ரல் 1979-இல் சேர்ந்தது, சில உறுப்புகள் குறித்து அறிவிப்புகளோடு. தனிநபர் முறையீட்டுக்கான முதல் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே ‘பாதிக்கப்பட்டவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம்’ என்ற பரிந்துரை வெறுங்காகிதம். உள்நாட்டில் அந்த உடன்படிக்கை செயல்படும் வழிகள் வேறு: பன்னாட்டுச் சட்டத்தை மதிக்கச் சொல்லும் உறுப்பு 51(சி), பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் உறுப்பு 253, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா (1997) போன்ற தீர்ப்புகள், 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப் பிரிவு.

நாடுகள் போட்ட வாக்கையும் கவனிக்க வேண்டும். தூய்மையான, ஆரோக்கியமான, நீடித்த சுற்றுச்சூழல் மனித உரிமை என்று ஐ.நா. மனித உரிமை மன்றம் 8 அக்டோபர் 2021-இல் தீர்மானம் 48/13 நிறைவேற்றியபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. பொதுச் சபை 28 ஜூலை 2022-இல் 76/300 தீர்மானத்தை 161 வாக்குகளோடு நிறைவேற்றியபோது ஆதரித்தது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டுமே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகாது என்பதையும்.

வெளிநாட்டுத் தீர்ப்புகளில் அளவோடு இருங்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பருவநிலை மாற்றம் குறித்துத் தந்த கிளிமா சீனியோரின்னன் தீர்ப்பு (9 ஏப்ரல் 2024) தனிவாழ்வு உரிமையைச் சொல்லும் உறுப்பு 8-இன் மேல் நிற்கிறது. யார் மனுப்போடலாம் என்பதில் அங்கே கடுமையான அளவுகோல் உண்டு. பொதுநல வழக்கு நடைமுறையில் இருக்கும் இந்தியாவோடு அதை ஒப்பிட வேண்டுமானால் அந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே ஒரு நாட்டை எடுத்து முழுமையாக ஒப்பிடுவது நான்கு நாட்டைத் தொட்டுப் போவதைவிட மேல்.

தகவல் உரிமையும் களமும்

உத்தரவு நடந்ததா என்று தெரிய ஆவணம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் மனுக் கட்டணம் ₹10, பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீடு அதன் பின் 30 நாளுக்குள், இரண்டாம் மேல்முறையீடு 90 நாளுக்குள். முதல் மேல்முறையீட்டை முடிக்க அதிகாரிக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45. கூட்டிப்பாருங்கள், முதல் மேல்முறையீடு முடியவே மூன்றரை மாதம் போய்விடலாம். ஆகவே மனுவை முதல் மாதத்திலேயே போட வேண்டும்.

கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்ற மனுவுக்கு ‘இது தகவல் அல்ல’ என்று பதில் வரும். ‘இன்ன தொழிற்சாலைக்கு 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை அனுப்பிய விளக்கம் கோரும் அறிவிப்புகளின் நகல்’ என்றால் கொடுத்தாக வேண்டும், அல்லது எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். மறுப்பும் ஆய்வுக்கு ஒரு தரவே. ஒரு மனுவில் ஓர் அலுவலகம், ஒரு பொருள். தனிநபர் விவரம் கேட்டால் பிரிவு 8(1)(ஜே)-ஐக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்திக்கும் திட்டமிருந்தால் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். எழுத்துபூர்வ ஒப்புதல், தமிழில். பெயர், ஊர் மறைக்கப்பட வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும் இடத்தில் யார் என்ன சொன்னார் என்பது வெளியே தெரிந்தால் பாதிப்பு அவர்களுக்கே. பத்து நேர்காணலை வைத்துச் சதவீதக் கணக்கு போடாதீர்கள். பத்துப் பேரில் ஏழு பேர் ஏழு பேரே, 70% ஆகாது.

எழுதுதல்

ஆறு மாத அவகாசம் என்றால் 24 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: தலைப்பும் சினாப்சிஸும் மூன்று வாரம், படிப்பும் குறிப்பும் எட்டு, முதல் வரைவு எட்டு, திருத்தம் மூன்று, அடிக்குறிப்புச் சரிபார்ப்பும் அச்சும் இரண்டு. படிப்பு பத்து வாரத்தைத் தாண்டிவிட்டால் படிப்பதை நிறுத்திவிட்டு எழுதுங்கள். எழுதும்போதுதான் எதைப் படிக்கவில்லை என்று தெரியும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

அத்தியாயங்களைத் தீர்ப்புவாரியாகப் பிரிக்காமல் வாதவாரியாகப் பிரியுங்கள். ‘அத்தியாயம் 4: நீதித்துறையின் பங்கு’ என்ற தலைப்பு வந்தால், அதன் கீழ் வழக்குச் சுருக்கங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். ‘விதிவிலக்கு எப்போது விதியாகிறது’ என்று தலைப்பு வைத்தால் ஒவ்வொரு தீர்ப்பும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அடிக்குறிப்புக்கு ஐ.எல்.ஐ., ஆஸ்கோலா, புளூபுக் போன்ற மேற்கோள் முறைகளில் எதைத் துறை கேட்கிறதோ அதை முதல் நாளிலிருந்தே பின்பற்றுங்கள். கடைசி வாரத்தில் முன்னூறு அடிக்குறிப்புகளை மாற்ற முடியாது. ஜோடெரோ போன்ற இலவச மென்பொருள் புத்தகம், கட்டுரைக்கு உதவும். இந்தியத் தீர்ப்புகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் பத்தி எண் கொடுங்கள், பக்க எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் வழக்குப் பெயரும் எண்ணும் பார்க்க உண்மை போலவே இருக்கும், வழக்கே இருக்காது. டிஜிட்டல் எஸ்.சி.ஆரில் கண்ணால் பார்க்காத எந்த எண்ணும் அடிக்குறிப்பில் ஏறக் கூடாது.

கருத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி. 2018 ஒழுங்குமுறைப்படி 10% வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மறுபடி ஒப்படைக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓராண்டுக்குத் திருத்திய படியை ஒப்படைக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. சட்ட வாசகங்களும், உரிய முறையில் மேற்கோள் காட்டிய பகுதிகளும் கணக்கில் வராது. ஆனால் மென்பொருள் அதைத் தானாகப் பிரிக்காமல் மொத்தமாகக் காட்டும்; நீண்ட பிரிவுகளை உள்ளே அப்படியே ஒட்டாமல் இணைப்பில் வைத்தால் தலைவலி குறையும்.

வைவா

தேர்வாளர் கேட்பவை பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியவை. ஏன் இந்தக் காலவரம்பு? இந்தத் தீர்ப்பின் அமர்வில் எத்தனை பேர்? மாறுபட்ட தீர்ப்பு என்ன சொன்னது? உங்கள் பரிந்துரையை நிறைவேற்ற எந்தப் பிரிவைத் திருத்த வேண்டும், யாருக்கு அந்த அதிகாரம்? கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’, ‘கடுமையான சட்டம் வேண்டும்’ என்பன பரிந்துரையே ஆகா. எந்த அறிவிக்கையின் எந்தப் பத்தியில் எந்த வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்று எழுதி, அது மத்திய அரசின் அறிவிக்கையால் முடியுமா, சட்டத் திருத்தம் தேவையா என்று சொல்லுங்கள். வாசகத்தை வரைந்தே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தேர்வாளர் அதில் குறை சொல்லத் தொடங்குவார், மீதி நேரம் முழுக்க உங்கள் வாசகத்தைப் பற்றியே பேச்சு ஓடும்.